வேண்டாமா?

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஏழு அறைகள் கொண்ட வீடு ஒன்று இருந்தது. வைத்தியம் கைவிட்டவர்கள் அங்கே வருவார்கள். நோய்க்குத்தான் மருந்து இல்லை, வலிக்கு உண்டல்லவா, அதற்காக. சிலர் பத்து நாள் இருப்பார்கள். சிலர் இரண்டு மாதம். நடந்து திரும்பியவர் யாரும் இல்லை.

அந்த வீட்டை நடத்தியவர் மெய்யம்மை. முன்பு நர்ஸாக இருந்தவர். பிரசங்கம் செய்ய மாட்டார், காவி கட்ட மாட்டார், யாரையும் காலில் விழ விட மாட்டார். அப்படியும் அவரிடமிருந்து எதையாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்களிடம் படுக்கை விரிப்புகளைத் துவைக்கக் கொடுப்பார். பாதிப் பேர் அன்று மாலையே பஸ் ஏறிவிடுவார்கள்.

ஏறாமல் நின்றவர் தணிகாசலம். ரேடியோ செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குருவுக்கு வயது நாற்பத்தொன்று, சீடருக்கு அறுபத்திரண்டு. புதிதாக வருகிறவர்கள் நரைத்த தாடியைப் பார்த்துவிட்டு அவரைத்தான் கும்பிடுவார்கள். "நான் இல்லைங்க, அவங்க" என்று சொல்ல அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

அவர் மெய்யம்மையை 'அம்மா' என்பார். மெய்யம்மை அவரை 'ஐயா' என்பார்.

ஒரு வருஷம் விரிப்புத் துவைத்த பிறகு தணிகாசலம் கேட்டார்.

"போறவங்க போயிடறாங்க. அவங்களைச் சேர்ந்தவங்களுக்கு நாம என்னம்மா கொடுத்தனுப்பறோம்?"

"துணிமணியும் மிச்ச மாத்திரையும்."

"குரலைக் கொடுத்தனுப்பினா என்ன? கையடக்கமா ஒரு பிளேயர். இதுல பேசிட்டா வீட்டுல போட்டுக் கேட்டுக்கலாம். நானே செய்யறேன்."

"செய்ங்க."

செல்போன் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. அதில் செத்துப்போனவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் யாராவது கூப்பிட்டு நிலம் வாங்குகிறீர்களா என்பார்கள். பேரப்பிள்ளை விளையாடித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடும். தணிகாசலம் சொன்னது நியாயம்தான். அந்த ஆளைக் குறை சொல்ல எனக்கு ஆசை இருந்தாலும் இந்த இடத்தில் சொல்ல முடியாது.

மூன்று மாதத்தில் முதல் பிளேயரைச் செய்து கொண்டுவந்தார். பளபளவென்று இருந்தது. நடுவில் விரலால் சுற்றுகிற சக்கரம். சுற்றச் சுற்றத் திரையில் பட்டியல் ஓடும். ஓரத்தில் நேரம், பேட்டரி, சத்தத்துக்கு ஏற்பக் குதிக்கும் பச்சைக் கோடுகள். ஆயிரம் பதிவு கொள்ளும் என்றார்.

"ஒருத்தர் எத்தனை தடவை சாவார், ஐயா?"



மெய்யம்மை எழுந்து போய் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். புண் வராமலிருக்க நோயாளிகளின் முதுகுக்குத் தடவுகிற எண்ணெய். தணிகாசலத்தின் இரண்டு உள்ளங்கையிலும் அதைத் தேய்த்தார். பிறகு மூன்றாவது அறையில் இருந்த ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடியை வாங்கிவந்து அவருக்கு மாட்டினார். கனமான கண்ணாடி.

"இப்போ ஒன்னைத் தேடி எடுத்துப் போடுங்க."

சக்கரம் வழுக்கியது. பட்டியல் எறும்பு வரிசையாகத் தெரிந்தது. இரண்டு தடவை கீழே போட்டார். மூன்றாம் தடவை போட்டதில் ஒரு மூலை உடைந்தது.

"புரியுது" என்றார்.

அடுத்து செய்தது சுண்ணாம்பு டப்பி அளவுக்கு இருந்தது. எல்லோரும் அதை 'டப்பி' என்றே கூப்பிட்டார்கள், அவருக்கு அது பிடிக்கவில்லை. சக்கரம் போயிற்று, பட்டியல் போயிற்று, குதிக்கும் கோடுகளும் போயின. நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பொத்தான், இரண்டு பக்கமும் சின்னதாக இரண்டு. நடுப் பொத்தானைத் தொட்டால் பேசும், மறுபடி தொட்டால் நிற்கும். பக்கத்துப் பொத்தான்கள் சத்தத்தைக் கூட்ட, குறைக்க. திரையில் இரண்டே வரி, பெரிய எழுத்து. ஒரு டப்பியில் ஒரே ஒரு பதிவு, நான்கு நிமிஷம்.

"இதோட பிரதி ஒன்னு இங்க நம்ம கம்ப்யூட்டர்ல வச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

"பொண்டாட்டிகிட்ட பேசினதை நம்ம அலமாரியில எதுக்கு வைக்கணும்? வேண்டாம், ஐயா."

பிரதி வைக்கவில்லை.

முதல் டப்பியில் பேசியவர் முத்தரசு என்ற பூகோள வாத்தியார். நுரையீரல் போய்விட்டிருந்தது. இரண்டு வாக்கியம் பேசுவார், பிடிக்காது, "அதை எடுத்துடுங்க, முதல்லேர்ந்து வர்றேன்" என்பார். நடுப் பொத்தானை நாலு விநாடி அழுத்திப் பிடித்தால் 'அழிக்கவா?' என்று திரை கேட்கும். கீழே இடது பக்கம் 'ஆம்', வலது பக்கம் 'இல்லை'. அந்தந்தப் பக்கத்துச் சின்னப் பொத்தானை அமுக்க வேண்டும். அழிந்ததும் மறுபடி அமுக்கி, பதிவைத் தொடங்க வேண்டும். இப்படிப் பதினோரு தடவை. வாத்தியாருக்குக் கை ஓய்ந்து, நெஞ்சின் மேலேயே விழுந்துவிட்டது.

அன்று ராத்திரியே தணிகாசலம் அதைத் திருத்தினார். 'ஆம்' என்று அமுக்கினால் போதும். பழையது அழியும், சிவப்பு விளக்கு எரியும், டப்பி தானாகவே அடுத்ததைப் பதியத் தொடங்கிவிடும், பழையது இருந்த அதே இடத்தில். மறுநாள் வாத்தியார் ஒரு விரலால் வேலையை முடித்துவிட்டு, "நல்ல மாணவன்" என்று அவரைப் பாராட்டினார். அறுபது தாண்டிய வயதில் அந்தப் பாராட்டு இனித்தது.

ஆனால் வாத்தியாரின் மனைவி திரையைப் பார்த்துவிட்டார்.

"மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடக்கிற மனுஷன் கையில 'அழி'ன்னு எழுதின சாமானைக் கொடுத்திருக்கியளே. கூசலையா உங்களுக்கு?"

அந்த அம்மாள் கேட்டதில் தப்பில்லை. அங்கே யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை, 'வாரேன்' என்பார்கள். விளக்கை 'அணை' என்று சொல்ல மாட்டார்கள், 'குளிர வை' என்பார்கள். அரிசி தீர்ந்தால் 'நிறைஞ்சிருக்கு' என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு டப்பி நாளுக்கு நாலு தரம் 'அழிக்கவா, அழிக்கவா' என்று கேட்டுக்கொண்டிருந்தது.

தணிகாசலம் மூன்று நாள் வார்த்தை தேடினார். 'நீக்கவா' ஆபீஸ் கடிதம் மாதிரி இருந்தது. 'எடுத்துடவா' என்றால் எதை, எங்கே என்று குழப்பம். கடைசியில் ஒன்று கிடைத்தது. யாருக்கும் உறுத்தாது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிற மாதிரி இருந்தது. அதைப் போட்டு, மெய்யம்மையிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

இது வேண்டாமா?
ஆம்   இல்லை

மெய்யம்மை படித்துப் பார்த்தார்.

"இதமா இருக்கு, ஐயா."

அவர் வாயிலிருந்து அந்த அளவுக்கு வந்ததே பெரிது. தணிகாசலம் ஒரு வாரம் அந்தச் சொல்லை மனதுக்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார். பிறகு வரிசையாகச் செய்தார். ஒன்றரை வருஷத்தில் நாற்பத்தொரு டப்பிகள் நாற்பத்தொரு வீடுகளுக்குப் போயின.

அதில் ஒன்று செங்கமலத்தின் வீட்டுக்குப் போனது.

செங்கமலம் பீடி சுற்றுகிறவர். கணவர் இல்லை. ஒரே மகள் சந்தனமாரி, பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ரத்தத்தில் புற்று என்றார்கள். ஐந்தாவது அறையில் இருபத்தாறு நாள் இருந்தாள். போவதற்கு ஒரு வாரம் முன்னால் டப்பியில் நான்கு நிமிஷம் பேசினாள். தாயார் வெளியே நிற்க, தணிகாசலம்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

பதினோரு மாதம் கழித்து ஒரு நாள் காலை பத்து மணிக்கு செங்கமலம் அந்த வீட்டுக்கு வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஒரு கையில் நாட்டு வாழைப்பழம் ஒரு சீப்பு, மற்ற கையில் கைக்குட்டையில் சுற்றிய டப்பி.

"அண்ணாச்சி, மாரி நேத்துலேர்ந்து பேச மாட்டேங்கா."

"பேட்டரியா இருக்கும்மா. உக்காருங்க."

"சார்ஜெல்லாம் ஏத்துனேன். விளக்கு எரியுது. சத்தந்தான் வரல. சத்தம் கூட்டுற பொத்தானையும் அமுக்கிப் பார்த்துட்டேன், என்னமோ கரகரன்னு கேட்டுச்சு, அவ குரல் இல்லன்னு நிப்பாட்டிட்டேன்."

"எப்பவும் எப்படிம்மா கேப்பீங்க?"

"பீடித் தட்டை மடியில வச்சுக்கிட்டு இதை இடுப்புல செருகிக்கிடுவேன். கேட்டுக்கிட்டே சுத்துவேன். மூணாவது நிமிஷத்துல ஒரு இடத்துல சிரிப்பா, அண்ணாச்சி. நான் எலையை வெட்டுறதைப் பத்தி என்னமோ சொல்லிட்டு அவளே சிரிப்பா. அந்தச் சிரிப்பு வந்ததும் ஒரு கட்டைக் கட்டி வச்சிருவேன். அதுதான் எனக்குக் கணக்கு."

"பேசினதெல்லாம் ஞாபகம் இருக்குமே?"

"வார்த்தையெல்லாம் மனப்பாடம். வார்த்தையை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? நான் சொன்னா என் குரல்ல வருது."

தணிகாசலம் டப்பியை எடுத்துக்கொண்டு பின்கட்டில் இருந்த தன் மேஜைக்குப் போனார். இயர்போனை மாட்டினார். நடுப் பொத்தானைத் தொட்டார்.

முதலில் சேலை உரசுகிற சத்தம். பிறகு செங்கமலத்தின் குரல், கொஞ்சம் தள்ளி.

'மாரி.'

சிறிது நேரம் ஒன்றும் இல்லை.

'மாரி, என்னட்டி ஆச்சு? ஏன் நிப்பாட்டிட்ட?'

டப்பியைத் தட்டுகிற சத்தம்.

'பேசு தாயி. அம்மா இங்கதான் இருக்கேன். பேசு.'

அவர் நான்கு நிமிஷத்தையும் கேட்டார். அந்த மனுஷன் எப்படி உட்கார்ந்து கேட்டாரோ. ஒரே கூப்பிடல்தான். கடைசி அரை நிமிஷம் அழுகையும் இல்லை, மூச்சு மட்டும்.

அவருக்குச் சங்கதி விளங்கிவிட்டது. இடுப்பில் செருகியிருந்த டப்பியின் நடுப் பொத்தான் நாலு விநாடி அழுந்தியிருக்கிறது. திரை கேட்டிருக்கிறது. இவர் 'ஆம்' என்று அமுக்கியிருக்கிறார். பழையது அழிந்து, அதே இடத்தில் புதியது ஏறிவிட்டது. அதன்மேல் ஏறியதைக் கழற்றி அடியில் இருந்ததை எடுக்க அவராலும் முடியாது, வேறு எவராலும் முடியாது. அப்படித்தான் அவர் செய்திருந்தார். ஆனாலும் டப்பியைப் பிரித்து, கம்ப்யூட்டரில் மாட்டி, இரண்டு மணி நேரம் தேடினார். செய்யாமல் இருக்க முடியவில்லை.

மத்தியானம் கூடத்தில் வேலை செய்கிறவர்கள் சாப்பிட வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சோறு பரிமாறுவது எப்போதும் மெய்யம்மைதான். தணிகாசலம் வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார். மெய்யம்மை தட்டு வைத்துக்கொண்டே வந்தார்.

"செங்கமலம் வந்திருக்காங்கன்னு சொன்னாங்க."

"மகள் குரல் போயிடுச்சும்மா. அவங்களே அழிச்சிட்டாங்க."

"அவங்களேவா?"

"'இது வேண்டாமா'ன்னு தெளிவா கேட்டிருக்கு. இவங்க 'ஆம்'னு அமுக்கியிருக்காங்க. எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, எழுத்துப் பெரிசா இருக்கு, விளக்கு நல்லா எரியுது. இதுக்கு மேல நான் என்னம்மா பண்ண முடியும்?"

மெய்யம்மை அடுக்களைக்குப் போனார். சோற்றுப் பாத்திரத்தோடு திரும்பி வந்தார். முதல் ஆளிலிருந்து போட்டுக்கொண்டே வந்து, தணிகாசலத்தின் முன்னால் நின்றார். கரண்டியில் சோறு ஆவி பறந்தது.

"காலையிலயும் நீங்க ஒன்னும் சாப்பிடலையாமே. சோறு வேண்டாமா, ஐயா?"

"ஆமாம்மா" என்று தணிகாசலம் தட்டை முன்னால் நகர்த்தினார்.

மெய்யம்மை கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டுவிட்டு அடுக்களைக்குத் திரும்பி நடந்தார்.

சாம்பார் ஊற்ற வந்தவர் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, எனக்குப் போடலையே."

"வேண்டாம்னு சொன்னீங்களே."

"நான் எங்கம்மா வேண்டாம்னேன்? ஆமான்னுதானே..."

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. சாம்பார்க்காரர் அவரைத் தாண்டிப் போனார்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. தணிகாசலத்துக்கு அழுகை வந்தது, அவர் அதை மறைக்கவும் இல்லை.

சாப்பாடு முடிந்து, தட்டுகளைக் கழுவுகிற இடத்தில் மெய்யம்மையைப் பிடித்தார்.

"அந்த வார்த்தையை இன்னைக்கே மாத்திடறேன்."

"மாத்துங்க."

"ஆனா இவங்ககிட்ட என்னம்மா சொல்றது? டப்பி கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாமா? உள்ள ஒரு பாகம் எரிஞ்சிடுச்சுன்னு சொன்னா நம்பிடுவாங்க. என்மேலதான் கோபப்படுவாங்க, பட்டுக்கட்டும். அவங்க கையாலயே போச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க."

மெய்யம்மை ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்.

"யாரு தாங்க மாட்டாங்க, ஐயா?"

தணிகாசலம் அடுத்த தட்டை எடுத்துக் கழுவினார். அதற்கு அடுத்ததையும் கழுவினார்.

"நீங்களும் கூட வாங்கம்மா" என்றார்.

"வர்றேன்."

செங்கமலம் முன்னறைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொண்டுவந்த பழத்தை யாரோ நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள், வெறும் காம்பு பக்கத்தில் கிடந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"சரியாயிட்டாளா?"

'சரியாயிட்டுதா' என்று அவர் கேட்கவில்லை.

தணிகாசலம் டப்பியை அவர் கையில் கொடுத்தார். பெஞ்சுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். மெய்யம்மை பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அழிஞ்சிடுச்சும்மா" என்றார் தணிகாசலம்.

"எது?"

"குரல்."

செங்கமலம் டப்பியைப் புரட்டிப் பார்த்தார். கீழே விழுந்த தடமோ கீறலோ இருக்கிறதா என்று தேடுகிறவர் மாதிரி இருந்தது.

"நேத்து இது உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டுதா?"

"கேட்டுச்சு. பாதியில நின்னுபோச்சேன்னு இடுப்புலேர்ந்து எடுத்துப் பார்த்தேன். 'இது வேண்டாமா'ன்னு எழுதியிருந்துச்சு. இதென்ன கேள்வி, இதை விட்டா எனக்கு வேற என்ன இருக்குன்னு நெனச்சேன். ஆமான்னு அமுக்குனேன்."

"அதுலதாம்மா போச்சு."

"ஆமான்னுதானே சொன்னேன்?"

"நீங்க வேணும்னு சொன்னீங்க. அது வேண்டாம்னு எடுத்துக்கிச்சு. அப்படி எடுத்துக்கச் சொல்லி நான்தான் செஞ்சு வச்சிருந்தேன். அந்தக் கேள்வியை எழுதினதும் நான்தான்."

"அப்ப என் விரலாலதான் போனா."

"விரல் உங்களுது. தப்பு என்னுது."

அவர் இதைச் சொன்னபோது குரல் உடையவில்லை. அந்த ஒன்றுக்காக அவரை நான் மதிக்கிறேன்.

செங்கமலம் கத்தவில்லை. மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. பீடி சுற்றிச் சுற்றி நகம் தேய்ந்த தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்பி எடுக்க வழியே இல்லையா, அண்ணாச்சி?"

"இல்லைம்மா. அதே இடத்துல வேற பதிஞ்சிடுச்சு."

"யாரு?"

"நீங்க. அவளைக் கூப்பிட்டது."

"போடுங்க."

"வேணாம்மா."

"போடுங்க, அண்ணாச்சி."

அவர் நடுப் பொத்தானைத் தொட்டார். சின்ன ஸ்பீக்கரிலிருந்து அந்தக் குரல் வந்தது. மாரி, ஏன் நிப்பாட்டிட்ட, பேசு தாயி. உள்ளே ஒரு அறையில் யாரோ இருமினார்கள். செங்கமலம் தலையைச் சாய்த்துக்கொண்டு, வேறு யாரோ ஒரு பெண்ணின் அழைப்பைக் கேட்பவர் போல நான்கு நிமிஷமும் கேட்டார். முடிந்தபோது அவர் பார்வை தணிகாசலத்தின் மேல் இல்லை.

"தாயி" என்று மெய்யம்மையைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்கம்மா."

"அவ போறதுக்கு மூணு நாள் முன்னாடி. கையில ட்ரிப்ஸ் ஏறிக்கிட்டு இருந்துச்சு. நரம்பு கெடைக்காம குத்திக் குத்தி ரெண்டு கையும் கறுத்துப் போயிருந்துச்சு."

"ஆமா."

"நீங்க என் தோள்ல கையை வச்சீங்க. 'இனிமே ட்ரிப்ஸ் வேண்டாமாம்மா'ன்னு கேட்டீங்க."

"கேட்டேன்."

"நான் ஆமான்னேன்."

மெய்யம்மை தலையசைத்தார்.

"கொஞ்ச நேரத்துல வந்து கழட்டிட்டீங்க. நரம்பு சரியில்லைன்னு வேற எடத்துல குத்தப் போறாக போலன்னு நெனச்சேன். வருவீங்க, வருவீங்கன்னு வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தேன். மூணு நாளும் பார்த்தேன். பெரியவுக செய்யுறதுல நாம என்ன கேக்குறதுன்னு இருந்துட்டேன்."

தணிகாசலம் நிமிர்ந்தார். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்தது. அந்த நிலையில் ட்ரிப்ஸ் ஏற்றினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு முட்டும், நிறுத்துவதுதான் அவளுக்கு நல்லது, டாக்டரும் அதைத்தான் சொன்னார். அத்தனையும் உண்மை. அவர் வாயைத் திறந்தார். மெய்யம்மை அவரைப் பார்க்காமலே கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அவ பொழைச்சிருக்க மாட்டா. அது எனக்குத் தெரியும்" என்றார் செங்கமலம். "நான் கேக்குறது அது இல்ல. அன்னைக்கு நான் சொன்ன ஆமாவை நீங்க எப்படி எடுத்துக்கிட்டீங்க?"

மெய்யம்மை பெஞ்சிலிருந்து இறங்கினார். தணிகாசலத்துக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார்.

"வேண்டாம்னு எடுத்துக்கிட்டேம்மா" என்றார். "இன்னொரு தடவை கேக்கலை."